வெளிநாட்டவர் எவரும் இல்லை

ராஜேந்திரனின் விசா நீட்டிப்பு மனு திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி. ‘கொடுத்துள்ள முகவரியில் வெளிநாட்டவர் எவரும் வசிக்கவில்லை.’

விசா முடிய ஒன்பது நாள்.

கம்ப்யூட்டரை மூடினார். பக்கத்து வாசலுக்குப் போனார். கரடியூரில் அவருக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் சென்னம்மாள், வெயிலில் காயும் காப்பிக்கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, போலீஸ்காரர் யாராவது வந்தாரா?”

“வந்தாருங்கண்ணா. போன வியாழக்கிழமை. நீங்க டவுனுக்குப் போயிருந்தீங்க.”

“என்ன கேட்டார்?”

“உங்க ஊட்ல வெளிநாட்டுக்காரர் யாராச்சும் குடியிருக்காங்களான்னாரு. அப்படியெல்லாம் யாரும் இல்லீங்கன்னு சொல்லி, காப்பி குடுத்து அனுப்பிட்டேன்.”

“அப்ப நான் யாரு?”

“நீங்களா?” சென்னம்மாள் சிரித்தாள். “வெளிநாட்டுக்காரருன்னா தொப்பி போட்டுக்கிட்டு, கேமராவோட வருவாங்க. நீங்க மாரியம்மன் நோம்பிக்குச் சாம்பார் வாளி தூக்கறவரு.”

“என் பாஸ்போர்ட் மலேசியா. அது தெரியுமா, தெரியாதா?”

“தெரியாம என்னங்க. எங்க மருமவ கூடத்தான் திருப்பூரு. அதுக்காக அவளை வெளியூர்க்காரின்னு சொல்ல முடியுங்களா?”

ராஜேந்திரனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஈப்போ வீட்டை விற்றாயிற்று. அந்த ஊர்ப் புழுக்கத்தில் அவருக்கு மூச்சு இழுக்கும். இந்த மலைக்கு வந்து மூன்று வருஷம், மருந்தைத் தொடவில்லை. கிளம்பு என்றால் எங்கே போவது?

“உங்களால நான் இப்ப மூட்டை கட்டணும்.”

சிரிப்பு நின்றது.

“நொம்பத் தப்பாப் போச்சுங்களா? ஸ்டேஷனுக்கு வந்து நான் வேணாச் சொல்லட்டுங்களா?”

“வேணாம். நீங்க இதுவரைக்கும் சொன்னதே போதும். என் வேலையை நான் பார்த்துக்குவேன்.”

பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்தான். ஈப்போவில் முப்பத்துநாலு வருஷம் அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவர். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பப் பாரத்தைத் திருப்பித் தள்ளியவர். தன் விசா வேலைக்கு இதுவரை எந்த ஏஜென்டையும் கிட்டே சேர்த்ததில்லை.

அன்று மத்தியானமே புது மனு தயார். கூடவே ஒரு விளக்கக் கடிதம். ஒண்டிக்கடை முக்கில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் லோகேஷ் கடிதத்தை ஸ்கேன் செய்யும்போது ஒரு வரியில் நின்றான்.

‘வீட்டு உரிமையாளர், விசாரிக்க வந்த காவலரிடம் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கிறார். என்னைக் காலி செய்ய வைப்பதே அவர் நோக்கம்.’

“சார், அந்தம்மா பாவமுங்க. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாங்களா?”

“ஸ்கேன் பண்றது உன் வேலை. எழுதறது என் வேலை.”

மனு போய்விட்டது. நாள் ஒவ்வொன்றாகக் கழிந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சென்னம்மாள் கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, ஆச்சுங்களா?”

“ஆகும்.”

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏழாம் நாள் ஆகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு நீட்டிப்பு.

லோகேஷ் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான்.

“பார்த்தியா? பாரம் நிரப்பத் தெரிஞ்சவனுக்கு எவன் தயவும் வேணாம்.”

“ஆமாங்க சார்,” என்றான் லோகேஷ். வேறென்ன சொல்வான்?

அதே வேகத்தில் ஒரு நகலோடு ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டு சக்தியின் மேஜையில் வைத்தார்.

“கிடைச்சிடுச்சு. ஒரு லெட்டர் ஒழுங்கா எழுதினா எல்லாம் நடக்குது.”

“உட்காருங்கய்யா. அந்த லெட்டர்தான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்துச்சு.”

“என்ன சொல்றீங்க?”

“பொய் சொன்னாங்கன்னு எழுதிட்டீங்க. அப்ப அது புகாரு. ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கணும். அது முடியற வரைக்கும் உங்க ஃபைலு நகராது. ஒன்பது நாள்ல அது எங்கீங்க முடியறது?”

ராஜேந்திரன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தால் அவரும் அப்படித்தான் நிறுத்தி வைத்திருப்பார்.

“அப்புறம் எப்படி நகர்ந்தது?”

“எதிர்த் தரப்பு புகாரை மறுக்கலீங்க. அவரு எழுதினது அத்தனையும் சரிதான்னு வாக்குமூலம் குடுத்தாச்சு. ஒத்துக்கிட்ட பிறகு என்ன விசாரணை? ஒரு எச்சரிக்கையோட முடிச்சு, அன்னைக்கே மேல அனுப்பிட்டோம்.”

சக்தி ஃபைலைப் பிரித்து, ஒரு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ராஜேந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘ராஜேந்திரன் என்பவர் எங்களுக்கு உறவும் இல்லை, சொந்தமும் இல்லை. அவர் வெளிநாட்டவர். அது தெரிந்தும் நான் மறைத்தேன். அவரைக் காலி செய்ய வைக்கத்தான் பொய் சொன்னேன்.’

“சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்யா,” என்றார் சக்தி. “முதல் வரிக்கு மட்டும் நொம்ப நேரம் ஆச்சு. ‘அவரு வேத்தாளுன்னு எழுதினாத்தான் இங்கயே இருக்க முடியுங்களா’ன்னு மூணு தடவை கேட்டாங்க.”

தாளின் அடியில், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் போட்ட கையெழுத்து.

சென்னம்மாள்.