சத்தம் நல்லா வருமா?

அன்னூர் செல்போன் கடையில், இருப்பதிலேயே விலை குறைந்த டச் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் துளசிமணி. கணவர் திருமூர்த்தி பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

"கேமரா எப்படி கண்ணு?"

"உள்ளதச் சொல்லீர்றனுங்க அக்கா. மூஞ்சி மங்கலாத்தான் தெரியும்" என்றாள் விற்பனைப்பெண் லோகப்பிரியா.

"தெரியட்டும். கேம்?"

"பாதியிலயே நின்னுக்குமுங்க."

"நிக்கட்டும். சார்ஜ்?"

"ரெண்டு நாளைக்கு வருமுங்க."

"சத்தம் நல்லா வருமா?"

"நாலு ஊட்டுக்குக் கேக்குமுங்க."

"அப்ப இதையே குடுத்துரு."

லோகப்பிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. "காலேஜ் போற புள்ளைக்குங்களா? பாவமுங்க அக்கா. இன்னொரு ஆயிரம் போட்டா நல்லதாவே வாங்கலாமுங்க."

"புள்ளைக்கு இல்ல கண்ணு, கடலைக்காட்டுல கட்டித் தொங்கவிடறதுக்கு. வெதைச்ச கடலைய மயிலுக பூராவும் கிளறிப்போடுது. தகரத்தத் தட்டுனோம், பட்டாசு வெடிச்சோம், ஒண்ணும் அசையல. நேத்து இவரு கொறட்டைய என்ர போன்ல பதிஞ்சு காட்டுல வெச்சேன். ஒரு மயிலு எறங்கல. அதுக்காக என்ர போன அங்கயே தொங்கவிட்டுட்டு இருக்க முடியுமா?"

லோகப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் போட்டாள்.

திருமூர்த்தி சட்டைப் பையிலிருந்து, ரப்பர் பேண்டு சுற்றிய தன் பழைய போனை எடுத்துக் காட்டினார்.

"எனக்கு இன்னும் பட்டன் போன்தானுங்க அம்மணி. என்ர கொறட்டைக்கு டச் போன்."