நகராத வளையங்கள்

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். வயிற்றின் வலது மூலையில், சட்டைப் பித்தானைவிடச் சின்னதாய் வெள்ளை வளையங்கள் குவிந்து கிடந்தன.

"குடல் எவ்வளவு வேகமா நகர்த்துதுன்னு பார்க்க மாத்திரைக்குள்ள வச்சுக் குடுத்த வளையங்கள் இவை. ஞாயித்துக்கிழமை ராத்திரிதானே முழுங்கினாங்க?"

"நானே கேட்டேன் டாக்டர். முழுங்கிட்டேன்னு சொன்னா. நேரம் விஷயத்துல நான் விடமாட்டேன்" என்றார் கணவர்.

கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியை டாக்டர் பார்த்தார். அவள் கணவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"இன்னைக்கு வெள்ளி. நல்ல குடலா இருந்தா முக்கால்வாசி வெளியே போயிருக்கணும். இங்க எல்லாம் பெருங்குடலோட வாசல்லயே நிக்குது. குடல் நகர்த்தவே இல்லை."

கணவருக்கு பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. ஒரு நிமிடம் தாமதமானாலும் டிரைவர்களைக் கிழித்துத் தொங்கவிடும் வாய், வீட்டிலும் ஓய்ந்ததில்லை. மனைவிக்கு அவர் வைத்த பெயர் 'மறதி மூட்டை'. அவள் மலம் இறங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதெல்லாம், "வேலைக்கு வணங்காம நடிக்கிறே" என்பார்.

இன்று அந்த வாய் டாக்டரிடம் கெஞ்சியது.

"வேற வழி இல்லையா டாக்டர்?"

"மருந்தெல்லாம் குடுத்துப் பார்த்தாச்சு. இந்தப் படம் எப்படி வருதுன்னுதான் காத்திருந்தேன். பெருங்குடலை எடுத்துடலாம்."

மனைவி தொண்டையைத் தடவிக்கொண்டாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க. அந்த மாத்திரை இன்னும் இங்கேயே நிக்கிற மாதிரி இருக்கு."

"அஞ்சு நாளாவாம்மா?" நர்ஸ் சிரித்தாள்.

கணவர் சிரிக்கவில்லை. தானே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

குடலை எடுத்துத் தைத்த இடம் பிரிந்து சீழ் வைத்தது. மறுபடியும் வயிற்றைக் கிழித்தார்கள். இனி ஆயுள் முழுக்க, விலாவுக்குக் கீழே ஒட்டிய பையில்தான் மலம் இறங்கும் என்றார்கள்.

வார்டில் அந்தப் பையைக் கணவரே கழற்றிக் கழுவினார். நர்ஸைத் தொடவிடவில்லை.

"ஆளே மாறிட்டீங்க" என்றாள் மனைவி, தலையணையிலிருந்து.

"எனக்குப் புத்தி வர உன் குடல் போக வேண்டியிருந்துச்சு. நிஜ நோயைப் போய் நடிப்புன்னேனே."

அவள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். "அப்ப ஒண்ணு சொல்லவா? ரொம்ப நாளா மனசை உறுத்துது. திட்ட மாட்டீங்களே?"

"இனிமே உன்னைத் திட்டினா என் நாக்கு அழுகிடும். சொல்லு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வளைய மாத்திரையை ஞாயித்துக்கிழமை மறந்துட்டேங்க. நீங்க கத்துவீங்கன்னு பயந்து, படம் எடுத்ததுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை ராத்திரிதான் முழுங்கினேன்."