கண்ணில் படாத அறை

பல்கலைக்கழக விடுதியில் பாதி அறைகள் காலியாக இருந்தும் அவளுக்கு ஒன்றுகூடத் தோதாக அமையவில்லை. மடிக்கணினித் திரையில் விடுதியின் வரைபடம் இருந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் நான்கு பக்கமும் மூன்று தளங்கள். கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த, அறைத்தோழியாகப் போகிற ‘மிளகாய்’ என்ற பட்டப்பெயர்க்காரிக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னிக்குள்ள எடுக்கலேன்னா நீ வீட்டுலேர்ந்துதான் கிளாஸுக்கு வரணும். தெற்குப் பக்கம் எடுடி, நல்லா காத்து வரும்.”

“வார்டன் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிர். ராத்திரி எப்போ லைட் அணைச்சேன்னு காலையில விசாரணை நடக்கும்.”

“கிழக்கு?”

“அவங்க அடுப்பு பக்கத்துல நின்னாலே அந்த வராந்தா முழுக்கத் தெரியும்.”

“மேற்கு?”

“துணி காயப்போடற சாக்குல எட்டிப் பார்ப்பாங்க. வடக்குல கீழ அவங்க வீடே இருக்கு, பேச்சையே எடுக்காதே.”

“வார்டனுக்கு இப்படி நடுங்கற ஆளை நான் பார்த்ததே இல்ல.”

சமையலறையிலிருந்து சாவிக்கொத்து குலுங்க ஓர் அம்மாள் வந்தார்.

“பெத்தவ வார்டனா இருக்கிற இடத்துலயே படிக்கக் குடுத்து வச்சிருக்கணும். உனக்குத் தனி ரூம் கேக்குதோ? எடுத்துக்கோ. எங்க போனாலும் இந்த ஜன்னலைத் தாண்டிப் போயிட மாட்டே.”

மகள் எழுந்துபோய் அந்த ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். தெற்கு, கிழக்கு, மேற்கு மூன்றும் உள்ளங்கைபோல் தெரிந்தன. அண்ணாந்து பார்த்தாள். வெயில் மறைப்புப் பலகை மட்டுமே தெரிந்தது.

திரும்பி வந்து வடக்குப் பக்கத்தில், தன் வீட்டுக்கு நேர் மேலே, மேல்தளத்து அறையை அழுத்தினாள்.