கடைசிப் பத்தி

"வண்டியில ஒரு குறையும் இல்ல, மேடம்."

மூன்றாவது தடவையாக அதே பதில். சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஸ்டியரிங் திடீர்னு கல்லு மாதிரி இறுகிடுது, தம்பி. வளைவுல திருப்பவே முடியல. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுது," என்றாள் அம்மா.

அம்மா நர்ஸ். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டுவிட்டு வருகிறவள். அந்தச் சின்னக் கார்தான் அவளுக்குக் கையும் காலும். முந்தின நாள் ஒரு வளைவில் அது திரும்ப மறுத்து, எதிரே வந்த லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது.

"நாங்க கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். பூ மாதிரி திரும்புது."

"அப்ப எங்கம்மா பொய் சொல்றாங்களா?" நான் ஆரம்பித்தேன். வீட்டில் எனக்கு வக்கீல் என்று பெயர், படிப்பதென்னவோ விலங்கியல்.

"பொய்னு சொல்லல. வயசானா சிலருக்குக் கையில வலு இருக்காது. ஓட்டவும் சரியாத் தெரிஞ்சிருக்காது."

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மரியாதையாப் பேசுங்க, சார்! இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறாங்க. உங்க மேல புகார் குடுப்பேன்."

"தாராளமா." ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். "எல்லாரும் இப்படித்தான் கத்துவாங்க. எழுதுங்கன்னா ஓடிடுவாங்க."

"யாரு, நானா?"

"விடுடி, போகலாம்," என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடுவேனா? நின்றுகொண்டே இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன்.

வாங்கிப் படித்தார். "எவ்வளவு நேரம் ஓட்டினதுக்கப்புறம் இறுகுதுன்னு போடல. எந்தப் பக்கம் திரும்பும்போது? தேதி? காலேஜ்ல என்னதான் சொல்லித் தர்றாங்களோ!"

பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தேன். முக்கால் மணி நேரம், இடது பக்கம், மூன்று தேதிகள்.

"என்னைப் பத்தி?"

"கடைசிப் பத்தியில இருக்கு. பெரியவங்ககிட்ட பேசத் தெரியாத, திமிர் பிடிச்ச ஆளுன்னு. பேரோட."

"கையெழுத்துப் போடுங்க. வண்டி இங்கயே இருக்கட்டும். புகார் எழுதின வண்டியை வெளிய விடக்கூடாதுன்னு ரூல்."

"அப்ப அம்மா வேலைக்கு எப்படிப் போவாங்க?"

"பஸ் ஓடுதே."

இரண்டு வாரம் அம்மா பஸ்ஸில் அலைந்தாள். இரண்டு வாரமும் நான் அந்த மனிதரை வாயாலேயே வறுத்தெடுத்தேன்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மோட்டாரில் கோளாறு இருந்ததாம், இலவசமாக மாற்றிவிட்டார்களாம். கூடவே, விசாரணை முடியும்வரை அந்த ஊழியரைக் கவுண்டரிலிருந்து மாற்றியிருக்கிறார்களாம்.

"பார்த்தியாம்மா? யாருகிட்ட!" என்று குதித்தேன்.

வண்டி எடுக்கப் போனபோது கவுண்டரில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்தாள். "முன்னாடி இருந்தவரா? பின்னாடி ஸ்டோர்ல டயர் அடுக்கிட்டிருக்கார்."

நேரில் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிப் போவது? அம்மா தடுக்கத் தடுக்கப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

எங்களைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த டயரைக் கீழே போட்டார். "மோட்டார் மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க. எங்கம்மாவுக்கு ஓட்டத் தெரியும்னு இப்பவாவது..."

"அப்பாடா!" அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வண்டி ஆச்சு."

"என்ன பதினொண்ணு?"

"இதே குறையோட இங்க வந்த வண்டி. அந்த மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடி, சூடேறினாத்தான் மக்கர் பண்ணும். இங்க கால் மணி நேரத்துக்கு மேல ஓட்டிப் பார்க்க விடமாட்டாங்க. அதுக்குள்ள தெரியலைன்னா 'குறை இல்ல'ன்னுதான் நான் சொல்லணும். மேனேஜருக்கு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். கிழிச்சுப் போட்டுட்டார். வண்டி மேல வர்ற புகார் அவர் மேசையோட சரி. ஊழியர் மேல வந்தாத்தான் யாரும் தொட முடியாம நேரா தலைமை அலுவலகம் போகும்."

அம்மாவிடம் திரும்பினார். "ஒருத்தர் தோள்பட்டை உடைஞ்சு வந்து நின்னாரும்மா. அதுக்கப்புறம் எனக்கு வேற வழி தெரியல. கோபம் வந்தாத்தானே என் பேரை எழுதுவீங்க? உங்க மனசை நோகடிச்சுட்டேன்."

நான் குறுக்கிட்டேன். "அப்ப, வண்டியை வெளிய விடக்கூடாதுங்கற ரூல்?"

"அப்படி ஒரு ரூலும் கிடையாது."

அந்த லாரி என் கண்முன் வந்து போயிற்று. அம்மா அவருடைய அழுக்குக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும், தம்பி," என்றாள்.

"சார், அந்தக் கடைசிப் பத்தியை வாபஸ் வாங்கிக்கிறேன். இப்பவே," என்றேன்.

"ஐயையோ!" பதறி எழுந்தார். "அதை எடுத்தா விசாரணையே நின்னுடும்மா. புகார் வந்த வண்டிக்கு மட்டும்தான் மாத்தியிருக்காங்க. அதே மோட்டாரோட இன்னும் முப்பது வண்டி ரோட்ல ஓடுது. விசாரணைக்குக் கூப்பிட்டாத்தான் அதை நான் அங்க சொல்ல முடியும். முடிஞ்சா, என்னைத் திட்டி இன்னும் ரெண்டு வரி சேர்த்துக் குடுங்க."

பேனாவைத் திறந்தேன். வாய் கிழியப் பேசுகிற எனக்கு அன்றைக்கு ஒரு வசவுகூட அகப்படவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதுடி. இப்படி ஒரு ஈவிரக்கம் இல்லாத மனுஷனை நாங்க பார்த்ததே இல்லன்னு போடு."