பதினேழாம் மரத்தின் மறுபக்கம்

வனவியல் மாலை வகுப்பில் பதினொரு பேர். பள்ளிக்கூடத்தின் பின்னால் புதர்மண்டிக் கிடந்த இயற்கை நடைபாதையைச் சீராக்கி, மரங்களின் சுற்றளவை எடுக்க இருவர் இருவராகப் பிரிந்தார்கள். ஜெசிந்தா மிஞ்சினாள். அவளுக்குப் பதினேழாம் எண், பருத்த புளியமரம். கன்னம் பட்டையில் உரச அணைத்துப் பார்த்தாள், கைகள் எட்டவில்லை. அளவுநாடாவின் வளையத்தைப் பட்டையின் பிளவில் மாட்டிவிட்டு மரத்தைச் சுற்றி வந்தாள். வளையம் நழுவவில்லை. சரிதானா என்று மறுபடி குனிந்து பார்த்துவிட்டே குறிப்பேட்டில் எழுதினாள்.

“முந்நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர், சார்.”

“அந்தப் பக்கம் யாரும்மா பிடிச்சா?” என்றார் வகுப்பெடுக்கும் சார்.

“மரமே பிடிச்சிருக்கும் சார்,” என்றாள் கூடப் படிக்கும் பாண்டிச்செல்வி. எல்லோரும் சிரித்தார்கள்.

“ரெண்டாவது ஆள் பேர் இல்லாம மரத்துல மாட்டுற பலகையில எழுத முடியாதும்மா,” என்று சார் அந்த வரியை அடித்தார். “யாரையாவது கூட்டிட்டுப் போய் எடு.”

‘யாராவது வர்றீங்களா?’ என்பது தொண்டை வரை வந்தது. பாண்டிச்செல்வி எல்லோருக்கும் முறுக்கு பங்கிட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா தனியாகவே மரத்தடிக்கு வந்தாள். வளையத்தை அதே பிளவில் மாட்டினாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று சற்று நின்றாள். பிறகு பட்டையருகே வாயை வைத்து, “விட்டுடாத, என்ன?” என்று சொல்லிவிட்டு, நாடாவோடு மெல்ல நடக்கத் தொடங்கினாள்.