அழுத்தினால் தடிக்கும் நிப்பு

மேலாளர் ராஜினாமாக் கடிதத்தை மூன்று முறை படித்தார். எழுதிய குமாஸ்தா எதிரே நின்றார்.

"பன்னெண்டு வருஷ வேலைய்யா. யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஐயோ, இல்லை சார்! பழைய பேனா ஒண்ணு வாங்கினேன். அழுத்தினா நிப்பு விரிஞ்சு எழுத்து தடிக்குது, விட்டா நூலா மெலியுது. லீவ் லெட்டர்னா மூணே வரி, கை அடங்கலை. ராஜினாமான்னா ஒரு பக்கம் எழுதலாமே! எழுதினப்புறம் யாருக்காவது காட்டாம இருக்க முடியலை. கிழிச்சுப் போட்டுடுங்க சார்."

மேலாளர் தன் பேனாவைத் திறந்து, அடியில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதினார். குமாஸ்தாவுக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் அந்த எழுத்தைப் பார்த்தார். தடித்து, மெலிந்து, சுழித்துக்கொண்டு ஓடியது.

"சார்! உங்க நிப்புமா?"

"நேத்துதான் வந்துச்சு." மேலாளர் ஈர மையை ஊதினார். "ஓடு, மறுபடி சேர விண்ணப்பம் எழுதிட்டு வா. ரெண்டு பக்கத்துக்குக் குறையக் கூடாது. நியமன உத்தரவை நான் எழுதணும்!"