கண்ணுக்கேற்ற கலர்

"எங்க வீட்டு மருமகளுக்கும்மா. கண்ணப் பாத்து எடுத்துக் குடு" என்றபடி ரோசலின், லிடியாவின் தோளைப் பிடித்துக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

திண்டுக்கல் கடைவீதியில் அந்த ஃபேன்சி ஸ்டோருக்குள் கல்யாணக் கூட்டம் முண்டிக்கொண்டிருந்தது. விற்பனைப் பெண் ஷரீஃபா, லிடியாவின் முகவாயை நிமிர்த்திப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"ஆத்தி, பழுப்புக் கண்ணு! இதுக்கு என்ன போட்டாலும் எடுப்பா இருக்கும்க்கா."

லிடியாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் முட்டியது. இதே கண்ணைத்தான் 'பூனைக்கண்ணு, குடும்பத்துக்கு ஆகாது' என்று சொல்லி, வந்த வரனெல்லாம் காபியைக் குடித்துவிட்டு நழுவியது. தங்கை பிரின்சி நர்சிங் முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்கே போய்விட்டாள். அக்காக்காரி முப்பத்திரண்டு வயதிலும் சேலை கட்டிச் சபையில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

போன வாரம் ஜெரோமின் வீட்டார் வந்தார்கள். லிடியா காபி கொடுக்க, லீவில் வந்திருந்த பிரின்சி பலகாரத் தட்டை நீட்டினாள். "அடேயப்பா, கண்ணு என்ன அழகு!" என்று ஜெரோமின் அம்மா ரோசலின் வாய்விட்டே சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் லிடியா விழுந்துவிட்டாள். மாப்பிள்ளையைக்கூட அப்புறம்தான் பார்த்தாள்.

மறுநாளே பிரின்சி லீவு முடிந்து கிளம்பிவிட்டாள். அன்றைக்கே சம்மதம் சொல்லி அப்பாவுக்கு போன் வந்தது. அம்மா அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணப் புடவையும் அலங்காரச் சாமானும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. "சாமான் எடுக்கணும், லிடியாவ அனுப்பி வைங்க" என்று ரோசலின் கேட்டதும், அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏற்றிவிட்டார்.

"செத்த நேரம் கண்ண மூடுங்கக்கா" என்றாள் ஷரீஃபா. "பழுப்புக்குச் செம்புக் கலர் ஐ-ஷேடோதான் தூக்கும். கறுப்பு வேணாம், கரும்பச்சைல லைனர் இழுக்குறேன்."

லிடியா கண்ணைத் திறந்தாள். கண்ணாடியில் இருந்தவளை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருஷம் எங்கேடி இருந்தாய் என்று கேட்கத் தோன்றியது.

"எப்படி இருக்கு அத்த?" முதல் முறையாக அப்படிக் கூப்பிட்டாள். கூப்பிட்டதும் காது சூடானது.

"ராணி மாதிரி இருக்கு" என்று ரோசலின் கன்னத்தைத் தட்டினாள். "ரெண்டையும் பேக் பண்ணும்மா."

ஷரீஃபா அடுத்து ஃபவுண்டேஷனை எடுத்து, லிடியாவின் மணிக்கட்டில் தேய்த்துக் காட்டினாள். தோலோடு தோலாக ஒட்டிப்போனது.

"இது வேணாம். இதவிட ரெண்டு படி வெளுப்பா குடு."

"அக்கா கலருக்கு இதுதாங்க சரியா இருக்கு. அது போட்டா முகம் தனியாத் தெரியும்."

"நான் கேக்குறதக் குடும்மா."

லிடியாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டாள். மருமகள் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியணும் என்று எந்த மாமியாருக்குத்தான் ஆசை இருக்காது? கண்ணைப் பிடித்துப்போன மனுஷிக்காக முகத்தில் சுண்ணாம்பே பூசிக்கொள்ளலாம்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல மொத ஓலை வாசிக்கிறாங்க. சாமியார்கிட்ட பேரெல்லாம் குடுத்தாச்சு" என்றாள் ரோசலின்.

லிடியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஊர்க்கோயிலில், இன்னாருக்கு இன்னார் என்று பூசையில் அறிவிக்கும் எத்தனையோ கல்யாண ஓலைகளைத் தலைகுனிந்து கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். இந்த ஞாயிறு முதல் வரிசையில்தான் உட்காருவது, அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது என்று முடிவு கட்டினாள்.

"தொடச்சு விடவாக்கா?" என்று ஷரீஃபா பஞ்சை எடுத்தாள்.

"இரு, இரு! ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டுத் தொடைப்போம்." ரோசலின் போனை எடுத்தாள். "எங்க, நல்லாச் சிரி."

யாருக்கு அனுப்பப் போகிறாள் என்பது தெரியாதா என்ன! லிடியா ஜெரோமை நினைத்துக்கொண்டு, வாழ்நாளில் சிரிக்காத ஒரு சிரிப்பைச் சிரித்தாள். கிளிக் சத்தம் கேட்டது. ஆனாலும் அந்தப் பெயரைத் தன் காதால் கேட்க ஆசை.

"யாருக்கு அத்த அனுப்புறீங்க?"

ரோசலின் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பிரின்சிக்குத்தான்மா. உனக்கும் அவளுக்கும் ஒரே கண்ணுதான, கல்யாணப் பொண்ணு பாத்துச் சொல்லட்டும்."